காரில் விழுந்த சின்னக் கீறலை நாமே எடுப்பது எப்படி

பாலிஷ் போட்டால் கீறல் நிரம்பிவிடும் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிரம்பாது. கீறலைச் சுற்றியிருக்கிற கிளியர் கோட்டை, அதாவது நிறத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடி மாதிரியான பூச்சை, கீறலின் அடிமட்டம் வரைக்கும் தேய்த்து இறக்குகிறோம், அவ்வளவுதான். அந்தப் பூச்சு பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான்தான் இருக்கும், ஒரு தலைமுடியின் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்த்தது திரும்ப வராது. அதனால் எவ்வளவு குறைவாகத் தேய்த்து முடிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

முதலில் அந்த இடத்தை கார் ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள். மண் ஒட்டியிருக்கும்போது தேய்த்தால் ஒரு கீறலை எடுக்கப்போய் நூறு கீறல் போடுவீர்கள். கழுவிய பிறகு நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷுக்கு அடங்கும். நகம் மாட்டுகிறது என்றால் ஆழமான கீறல், ஓரங்கள் கொஞ்சம் மங்கும், முழுசாகப் போகாது. உள்ளே சாம்பல் நிறமோ வெறும் தகரமோ தெரிந்தால் பாலிஷை மறந்துவிடுங்கள், அதற்கு டச்சப் பெயின்ட்தான், அதாவது அந்த இடத்தில் மட்டும் தொட்டு வைக்கிற பெயின்ட். இன்னொன்று, கீறல் மாதிரித் தெரிகிற கோடு சில சமயம் கீறலே இல்லை, உரசிய வண்டியின் பெயின்டோ சுவரின் சுண்ணாம்போ மேலே ஒட்டியிருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் கொஞ்சம் தொட்டுத் துடைத்துப் பாருங்கள், பாதி அதிலேயே போய்விடலாம்.

மேட் பூச்சு, அதாவது பளபளப்பே இல்லாத பூச்சு உள்ள கார் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தேய்த்த இடம் மட்டும் பளபளவென்று திட்டாக நிற்கும்.

சரி, தேய்க்கலாம். வெயிலில் வேண்டாம், தொட்டால் தகடு குளிர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாலிஷ் உடனே காய்ந்துவிடும். பக்கத்தில் கறுப்பு பிளாஸ்டிக் இருந்தால் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். நேராகக் காம்பவுண்டுக்கு (பாலிஷைவிட வேகமாகத் தேய்த்து இறக்கும் சொரசொரப்பான பசை) போகாமல் முதலில் மென்மையான பாலிஷைப் பட்டாணி அளவு ஸ்பாஞ்சில் எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், நேர்க்கோட்டில் முன்னும் பின்னும், அப்புறம் அதற்குக் குறுக்காக, மிதமான அழுத்தத்தில் ஒன்றிரண்டு நிமிடம் தேய்யுங்கள். வெள்ளையாக இருந்த பாலிஷ் மெல்லிய, கண்ணாடி போன்ற படலமாக மாறும், அப்போது நிறுத்தி மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். கீறல் அப்படியே இருந்தால்தான் காம்பவுண்டு. காம்பவுண்டு போட்ட இடம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், பயப்படாதீர்கள், மேலே மறுபடி பாலிஷ் போட்டால் தெளிந்துவிடும்.

நான் ஒரு முறை கதவின் மடிப்பில் இருந்த கீறலை விடாப்பிடியாகத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். துணியைத் திருப்பிப் பார்த்தால் கார் நிறம் அதில் ஏறியிருந்தது. கிளியர் கோட் போன கதை அது! மடிப்பு, விளிம்பு, பானெட் ஓரம் இங்கெல்லாம் பூச்சு மெலிசாக இருக்கும், நம் கை அழுத்தமும் அங்கேதான் குவியும். டேப் ஒட்டி ஒதுக்கிவிடுங்கள். (கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயின்டில் துணியில் நிறம் ஏறுவது சாதாரணம்.)

2000, 3000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். முதல் முயற்சியில் அதைத் தொடாதீர்கள். பற்பசை விஷயமும் அப்படித்தான், அதில் மெல்லிய அரம் போன்ற துகள் இருப்பது உண்மை, ஆனால் அது பல்லுக்குச் செய்தது, காரில் அதன் விளைவு எப்படி வரும் என்று கணிக்க முடியாது.

துடைத்ததும் கீறல் காணோம் என்று சந்தோஷப்படாதீர்கள். பாலிஷில் இருக்கிற எண்ணெய் கீறலுக்குள் போய் அதைத் தற்காலிகமாக மறைத்திருக்கும், நாலு தடவை கழுவினால் திரும்ப எட்டிப் பார்க்கும். ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு நிழல்கோடு மட்டும் மிச்சமிருந்து இரண்டடி தள்ளி நின்றால் தெரியவில்லை என்றால், விட்டுவிடுங்கள். மேலே வாக்ஸ் ஒரு பூச்சு போட்டு, டேப்பை எடுத்து, இடுக்கில் வெள்ளையாகக் காய்ந்திருப்பதைப் பழைய டூத் பிரஷால் தட்டிவிட்டால் வேலை முடிந்தது.