கடலில் கைதானால் முதல் மனு யாருக்கு?

பாம்பன், தங்கச்சிமடம் மீனவர் யாராவது மன்னார் அல்லது யாழ்ப்பாணப் பக்கம் பிடிபட்டால், முதல் மனுவை யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கே அனுப்புங்கள். பெயர், தகப்பனார் பெயர், படகின் பதிவெண், மீனவர் அடையாள அட்டை நகல் போதும். கடலுக்குப் போகிறவரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: பிடிபட்டதும், “எங்கள் துணைத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்” என்று அவரே கேட்க வேண்டும்.

காரணம், துணைத் தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு. கைதானவர் கேட்டால் தாமதமின்றித் தகவல் தெரிவிப்பது பிடித்த நாட்டின் கடமை. துணைத் தூதரக அதிகாரி அவரைச் சிறையில் சந்திக்கலாம், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யலாம். கொழும்பில் இருக்கும் உயர் ஆணையர் (காமன்வெல்த் நாடுகளுக்கிடையே தூதருக்கு இதுதான் பெயர்) பதவியில் பெரியவர்தான். ஆனால் அவருடைய முதன்மை வேலை அரசோடு அரசாகப் பேசுவது. அங்கே போகும் மனு சுற்றிக்கொண்டுதான் வரும்.

யாழ்ப்பாணத் துணைத் தூதரகத்தின் எல்லைக்கு வெளியே உள்ள புத்தளம், கற்பிட்டிப் பக்கம் பிடிபட்டால் மட்டும் நேரே கொழும்புக்கு எழுதுங்கள். துணைத் தூதரகத்தால் வழக்கை நிறுத்த முடியாது. பறிமுதலான படகை மீட்பதும் அதன் அதிகாரத்தில் இல்லை. படகுக்கு மீன்வளத் துறை வழியாகத் தனியே மனு கொடுக்க வேண்டும்.