லெமன் டீயின் மணம் சாற்றில் இல்லை, தோலில்

லெமன் டீ போடும்போது பழத்தைப் பிழிவதற்கு முன்னால், அதன் மஞ்சள் தோலைத் துருவியில் லேசாக நாலு இழுப்பு இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2 டம்ளர் டீக்கு அரைப் பழமே போதும்.

2 டம்ளர் தண்ணீரில் தட்டிய இஞ்சி, 2 ஏலக்காய், 4 மிளகு, சின்னத் துண்டு பட்டை போட்டு 5 நிமிடம் கொதிக்கட்டும். அடுப்பை அணைத்த பிறகுதான் 1 டீஸ்பூன் டீத்தூளும் துருவிய தோலும். மூடி வைத்து 2 நிமிடத்தில் வடிகட்டி, சாற்றை டம்ளரில் பிழியுங்கள். கறுத்த டிகாஷன் சட்டென்று தேன் நிறத்துக்கு மாறும், அதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

எலுமிச்சையின் வாசனை தோலில் இருக்கும் எண்ணெயில்தான் இருக்கிறது. கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். சாற்றில் இருப்பது பெரும்பாலும் புளிப்பு, அதனால்தான் மணம் போதாமல் இன்னொரு பழத்தை வெட்டுகிறோம். மஞ்சளுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும், அதுவரை துருவ வேண்டாம்.

பால் டீக்கு இது சரிவராது, திரிந்துவிடும். மெழுகு பூசிப் பளபளக்கும் பழமென்றால் தோலை விட்டுவிடுங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்காமல் இருப்பது நல்லது. தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். காய்ச்சலுக்கு மருந்தென்று நம்பிவிடாதீர்கள்.