ஆற்றைக் கண்காணிக்கும் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே ஆற்றின் ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கில் விடாமல் பார்த்துவரும் தன்னார்வலரின் குறிப்பேடு விலைமதிப்பற்றது. ஆனால், அதிலுள்ள எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடிந்தால்தான் அதற்கு அந்த மதிப்பு. பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நுழைகின்றன.

அவற்றுள் பெரியது, நேரத்தைக் கவனிக்காமல் அளப்பது. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பாசியும் நீர்த்தாவரங்களும் பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் அவையும் மற்ற உயிர்களும் அதைச் சுவாசித்துக் குறைத்துவிடுகின்றன. எனவே விடியலை ஒட்டி அளவு தாழ்ந்தும் பிற்பகலில் உயர்ந்தும் இருக்கும். பாசி மண்டிய ஆற்றில் இந்த ஏற்ற இறக்கம் கடுமையானது. பிற்பகலில் மட்டுமே அளப்பவருக்கு ஆறு நலமாகத் தெரியும். அதே ஆற்றில் அதிகாலையில் மீன்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கலாம். ஒரு மாதம் காலையிலும் மறுமாதம் மாலையிலும் அளந்துவிட்டு, ஆறு தேறிவிட்டது என்று எழுதுவது இன்னும் மோசம். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பும் இதே ஒளிச்சேர்க்கையால் பகலில் ஏறும்.

வெப்பநிலையைக் குறிக்காமல் விடுவதும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு லிட்டர் நன்னீரில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். வெப்பநிலை தெரியாவிட்டால், குறைவுக்குக் காரணம் மாசா வெயிலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மாதிரி எடுக்கும்போது தன் கால் கிளப்பிய சேற்றையே அள்ளுபவர்கள் உண்டு. நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, மேலே மிதக்கும் படலத்துக்குக் கீழிருந்து எடுக்க வேண்டும். பாட்டிலை முதலில் அதே ஆற்று நீரால் சில முறை அலச வேண்டும். பாக்டீரியா சோதனைக்கான கிருமி நீக்கிய பாட்டிலை மட்டும் அலசவே கூடாது.

அலகுக் குழப்பம் சத்தமில்லாமல் கெடுக்கும். நைட்ரேட்டை நைட்ரேட்டாகவும் குறிப்பார்கள், அதிலுள்ள நைட்ரஜனாகவும் குறிப்பார்கள். நைட்ரஜன் கணக்கில் 10 மில்லிகிராம் என்பது நைட்ரேட் கணக்கில் சுமார் 44 மில்லிகிராம். வெறுமனே 'நைட்ரேட் 10' என்று எழுதிவைத்தால், பின்னால் படிப்பவர் நான்கு மடங்குக்கும் மேல் பிழையாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

உயிரினங்களைப் பதிவதில், கண்டதை மட்டும் எழுதுவது பரவலான தவறு. அரை மணி நேரம் தேடியும் நீர்நாயின் தடம் எதுவும் இல்லை என்பதும் தகவல்தான். எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் தேடினோம் என்பதோடு அதை எழுத வேண்டும். பறவையையும் மீனையும் பார்த்துவிட்டுக் கல்லுக்கு அடியில் பார்க்காமல் போவது எனக்கு வருத்தமளிக்கும் இழப்பு. அங்கே வாழும் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை ஆகிய பூச்சிகளின் இளம் பருவங்களில் பல வகைகள் மாசைத் தாங்குவதில்லை. ஹீமோகுளோபினால் சிவந்திருக்கும் ரத்தப்புழுக்களோ ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் வாழும். முன்னவை மறைந்து பின்னவை மட்டும் பெருகினால், அளவீட்டு நாட்களுக்கு இடையே வந்துபோன மாசுகூட அதில் தெரியவரும்.

ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்கு ஈரக் காலணியோடும் வலையோடும் போகாதீர்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை இப்படிப் பரவக்கூடும். தேய்த்துக் கழுவி முழுவதும் உலர்த்துங்கள். சோதனைக்குப் பயன்படுத்திய ரசாயனத்தை ஆற்றிலேயே கொட்டக் கூடாது. கூடுகள், வளைகள் இருக்கும் துல்லியமான இடத்தைப் பொதுவில் பகிரவும் வேண்டாம்.

வழக்கத்துக்கு மாறான எண் வந்தால் அதை அழித்துவிடாமல், மறுமுறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். செத்த மீன்கள் மிதந்தால் அடுத்த கண்காணிப்பு நாள்வரை காத்திருக்கக் கூடாது. கழிவு சில மணி நேரத்திலேயே நீரோட்டத்தோடு கடந்துவிடலாம். வெறுங்கையால் எதையும் தொடாமல், உடனே படமெடுத்து, நேரத்தைக் குறித்து, மாசுக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.