மாத்திரையின் அளவைக் கடன் வாங்காதீர்கள்

விரல்கள் மடங்க மறுக்கும் காலையில் சட்டைப் பொத்தானை எப்படிப் போடுவது? மருந்து எடுத்த மறுநாள் வரும் குமட்டலை எப்படித் தாங்குவது? இதையெல்லாம் மருத்துவர் சொல்ல நேரம் இருப்பதில்லை. அந்தப் பாட்டைப் பட்டவர்தான் சொல்வார். நாள்பட்ட நோயாளிகளுக்கு இணையக் குழுக்கள் பெருந்துணையாக இருப்பது அதனால்தான். அதே ஆளிடம் மருந்தின் அளவையும் கேட்கும்போதுதான் வினை தொடங்குகிறது.

முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டைப் பாருங்கள். 'எனக்கு 10 மில்லிகிராம், நன்றாகக் கேட்கிறது' என்று ஒருவர் எழுதுகிறார். வாரத்தில் ஒரு நாள் மட்டும் என்பதை எழுத மறந்துவிடுகிறார். அதைப் பார்த்துத் தினமும் விழுங்குபவருக்கு எலும்பு மஜ்ஜை பழுதாகி உயிரே போகலாம். ஸ்டீராய்டை 'ஒரே நாளில் நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை' என்பதும் இந்த ரகம்தான். பல வாரங்கள் அதைச் சாப்பிட்ட உடலில், இயற்கையாக ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி சோம்பிக் கிடக்கும். மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எண்களும் ஏமாற்றும். ஒருவருக்குச் சர்க்கரை 7, இன்னொருவருக்கு 126 என்றால் பதற வேண்டாம். முன்னது லிட்டருக்கு மில்லிமோல், பின்னது டெசிலிட்டருக்கு மில்லிகிராம்; அலகுதான் வேறு, அளவு ஒன்றே.

'அவருக்குக் கேட்டது' என்பது சான்று ஆகாது. நரம்புகள் சிதைந்து தசைகள் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோயின் வேகத்தை லித்தியம் குறைப்பதாக 2008-இல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. நோயாளிகள் அனுபவம் பகிரும் பேஷன்ட்ஸ்லைக்மீ இணையதளத்தில் இருந்த ஏஎல்எஸ் நோயாளிகள் பலர் அதைச் சாப்பிட்டார்கள். ஆனால் நம்பிக்கையோடு நின்றுவிடாமல் தங்கள் நிலையைத் தொடர்ந்து பதிவுசெய்தார்கள். சாப்பிடாதவர்களின் பதிவுகளோடு அவை ஒப்பிடப்பட்டன. பயன் இல்லை என்ற முடிவு 2011-இல் வெளியானது. குழு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பேன்.

நோய் உறுதியான அன்றிரவே பழைய பதிவுகளை எல்லாம் படித்துத் தீர்ப்பது இன்னொரு தவறு. தேறியவர்கள் பெரும்பாலும் குழுவை விட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அங்கே அதிகம் எழுதுவது அவதிப்படுபவர்கள்; அவர்கள் கதையை உங்கள் ஜாதகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பரிசோதனை அறிக்கையைப் படமெடுத்துப் போடுவதாக இருந்தால், பெயரும் நோயாளி எண்ணும் உள்ள மேல்பகுதியை வெட்டிவிடுங்கள். 'இன்று எழுந்திருக்கவே முடியவில்லை' என்று யாராவது எழுதினால், உடனே மூலிகைப் பட்டியலோடு வந்து நிற்காதீர்கள். 'எனக்கும் போன வாரம் அப்படித்தான்' என்ற ஒரு வரி போதும்.