ஒரு நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது? நம்ம ஊர் கறைப்பல்லை வைத்து ஒரு செய்முறை

சமூகப்பணி முதுகலையில் நான் எடுத்த தலைப்பு ஃபுளோரோசிஸ், அதாவது தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் பாதிக்கும் நோய். தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் பிறந்தவனுக்குத் தலைப்புத் தேடி அலையவா வேண்டும்? பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தாலே முன்பல்லில் பழுப்புப் பட்டைகள் தெரியும். இதுவரை மற்றவர்கள் செய்த ஆய்வுகளை நான்கு பக்கத்தில் சுருக்கி எழுதி மேடமிடம் நீட்டினேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. சதவீதம் வந்த ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு மையில் வட்டம், ஓரத்தில் ஒரே கேள்வி: ‘எத்தனை பேரில்?’

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இணையத்தில் தேடுவது, பிடிஎஃப் இறக்குவதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில், எதை எண்ணப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். ஃபுளோரோசிஸ் என்று தேடினால் மூன்று கணக்குகள் கலந்து வரும்: பல் பாதிப்பு, எலும்பு பாதிப்பு, தண்ணீரில் ஃபுளோரைடு அளவு. மூன்றாவது நோயே அல்ல. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. ‘இத்தனை சதவீத போர் கிணறுகளில் அளவு தாண்டியிருக்கிறது’ என்று ஓர் அறிக்கை சொன்னால், அது கிணறுகளின் கணக்கு, ஆட்களின் கணக்கு அல்ல. நான் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டிருந்தேன்.

அடுத்து தேடல். என் வரிசை: முதலில் பப்மெட் (மருத்துவக் கட்டுரைகளுக்கான தளம்), பிறகு ஷோத்கங்கா (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கான தளம்), கடைசியில்தான் கூகுள் ஸ்காலர். ஸ்காலரில் ஆரம்பித்தால் குப்பையும் கோமேதகமும் சேர்ந்தே வரும். ஷோத்கங்காவை யாரும் கண்டுகொள்வதில்லை; நம்ம பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய்ச் செய்த ஆய்வேடுகள் அங்கே கிடைக்கும். எழுத்துப்பிழையில் கவனம். ஆங்கிலத்தில் ‘யு’வுக்கும் ‘ஓ’வுக்கும் இடம் மாறினால் ஃபுளோரோசிஸ் மாவு நோய் ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிழையோடு அச்சான கட்டுரைகளும் உண்டு. அதனால் தப்பாகவும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

கிடைத்ததை எக்செலில் போடுங்கள். பத்துப் பதினைந்து கட்டுரைக்கு வேறு மென்பொருள் எதுவும் வேண்டாம். ஆறு கட்டங்கள் போதும்: ஊர், ஆய்வு நடந்த ஆண்டு, யாரைப் பார்த்தார்கள், எந்த அளவுகோல், பார்த்தது எத்தனை பேர், பாதிப்பு எத்தனை பேருக்கு. ஆண்டு என்பது கட்டுரை வெளியான ஆண்டு அல்ல. இரண்டுக்கும் நடுவே சில வருடங்கள் ஓடியிருக்கலாம். சதவீதத்துக்குக் கட்டமே வைக்காதீர்கள். வைத்தால் கை அதைத்தான் முதலில் நிரப்பும், மற்றதெல்லாம் காலியாகவே கிடக்கும்.

நான் விழுந்த குழி இதுதான். இரண்டு கட்டுரைகளின் சதவீதத்தைக் கூட்டி இரண்டால் வகுத்தேன். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பள்ளியில் 20 பிள்ளைகளில் 12 பேருக்குக் கறை, 60 சதவீதம். இன்னொன்றில் 200 பேரில் 40 பேருக்கு, 20 சதவீதம். சராசரி 40 என்று எழுதினால் தப்பு. மொத்தம் 220 பேரில் 52 பேர், 24 சதவீதம்கூட வராது. அதையும் மாவட்டக் கணக்கு என்று எழுத முடியாது. தண்ணீர் மோசம் என்று தெரிந்தே தேர்ந்தெடுத்த ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளை மட்டும் பார்த்திருந்தால், அந்த எண் அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் பொருந்தும்.

நம்ம பக்கத்துக்கென்றே இன்னொரு குழி இருக்கிறது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முந்தைய ஆய்வு ‘தர்மபுரி மாவட்டம்’ என்றால் ஓசூரும் ஊத்தங்கரையும் காவேரிப்பட்டணமும் அதற்குள் அடக்கம். 2011 கணக்கெடுப்பில் தர்மபுரியில் சுமார் 15 லட்சம் பேர், கிருஷ்ணகிரியில் சுமார் 18.8 லட்சம். பழைய தர்மபுரியில் பாதிக்கு மேல் இப்போது வேறு மாவட்டம்! பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘குறைந்திருக்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். அதனால்தான் என் முதல் கட்டத்தில் மாவட்டம் இல்லை, ஊர்தான் இருக்கிறது.

அளவுகோலையும் ஒரு பார்வை பாருங்கள். பல்லுக்குப் பெரும்பாலும் கறையைப் படிப்படியாகத் தரம் பிரிக்கும் டீன் அளவுகோல்தான், இப்போதைய வடிவில் 1942-லிருந்து இருக்கிறது. அதில் ‘சந்தேகம்’ என்று ஒரு படி உண்டு. அந்தப் பிள்ளைகளைப் பாதிப்பில் சேர்த்தார்களா, விட்டார்களா என்பதைப் பொறுத்தே எண் ஏறி இறங்கும்.

இனி எழுதுவது சுலபம். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஊர், ஆண்டு, வயது, அளவுகோல், ‘இத்தனை பேரில் இத்தனை பேர்’ எல்லாம் வர வேண்டும். சதவீதம் கடைசியில், அடைப்புக்குறிக்குள். படிக்கச் சப்பென்றுதான் இருக்கும், பரவாயில்லை. ஒத்துவராத இரண்டு ஆய்வுகளை வலிந்து சமாதானம் செய்து வைக்காமல், ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு வரி எழுதுங்கள்.

பின்சேர்க்கை: காரிமங்கலத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார், ‘ஒகேனக்கல் தண்ணி வந்த பிறகும் பிள்ளைங்க பல்லு மஞ்சளாத்தானே இருக்கு, அப்போ திட்டம் வீணா?’ நல்ல கேள்வி. நான் இதை எழுதாமல் விட்டுவிட்டேன். நிலைத்த முன்பற்களின் எனாமல் என்ற மேல்பூச்சு நான்கைந்து வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். கறை அப்போது குடித்த தண்ணீரின் பதிவு, பிறகு அது போகாது. காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கி வைத்தது 2013-ல். 2015-ல் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனைப் பார்த்தால் அவன் 2003-ல் பிறந்தவன். அவன் முன்பல் சொல்வது 2008 வரை வீட்டில் குடித்த போர் தண்ணீரைப் பற்றி. திட்டத்தை எடைபோட வேண்டுமானால் அது வந்த பிறகு பிறந்த பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், அதுவும் குழாய்த் தண்ணீரைத்தான் குடித்தார்களா என்று கேட்டுவிட்டு. ஆய்வு ஆண்டிலிருந்து வயதைக் கழித்து, ‘பிறந்த ஆண்டு’ என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன். என் எக்செலில் இப்போது ஏழு கட்டங்கள்.