ஐஆர்சி சானலுக்குள்ள நுழையறது எப்படி? ஹெக்ஸ்சாட் வச்சு ஒரு செய்முறை

ஐஆர்சிங்கறது (IRC) டைப் பண்ணி பேசிக்கற ஒரு சாட் சிஸ்டம், அதுல இருக்கற ஒவ்வொரு அரட்டை அறையும் ஒரு சானல். ரொம்ப பழைய சமாச்சாரம், 1988ல பின்லாந்துல யார்க்கோ ஒய்க்காரினென் எழுதினது, ஆனா ஓப்பன் சோர்ஸ் ஆளுங்க நிறைய பேரு இன்னமும் அங்கதான் உக்காந்திருக்காங்க, அதனால டவுட் கேக்கணும்னா நாமளும் அங்கதான் போகணும்.

முதல்ல ஹெக்ஸ்சாட் (HexChat) இன்ஸ்டால் பண்ணுங்க, ஐஆர்சிக்குள்ள போறதுக்கான சாஃப்ட்வேர் இது. 2024ல வந்ததுதான் கடைசி வெர்ஷன்னு சொல்லிட்டாங்க, ஆனா கத்துக்கறதுக்கு இது தாராளமா போதும்.

தொறந்ததும் நெட்வொர்க் லிஸ்ட் வரும். மேல நிக்நேமுக்கு மூணு கட்டம் இருக்கும், முதல் பேர வேற யாராவது வச்சிருந்தா அடுத்தத எடுத்துக்கும். பேருல ஸ்பேஸ் கூடாது, நம்பர்ல ஆரம்பிக்கவும் கூடாது. கமாண்ட், பேரு எல்லாமே இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கணும், நான் இங்க தமிழ்ல எழுதறது படிக்கறதுக்காக.

லிஸ்ட்ல லிபெரா.சாட்ட (Libera.Chat, ஓப்பன் சோர்ஸ் ஆளுங்க இருக்கற ஐஆர்சி நெட்வொர்க்) செலக்ட் பண்ணி எடிட் போங்க. எஸ்எஸ்எல் டிக் ஆகியிருக்கான்னு பாருங்க, டிக் இருந்தா 6697 போர்ட் வழியா என்கிரிப்ட் ஆகி, அதாவது வேற யாரும் படிக்க முடியாத மாதிரி போகும், 6667ன்னா நடுவுல இருக்கறவன் எல்லாத்தையும் படிக்கலாம். அப்புறம் கனெக்ட்.

நாலஞ்சு செகண்ட் என்னென்னமோ ஓடும், பயப்படாதீங்க. நின்னதும் கீழ இருக்கற கட்டத்துல /ஜாயின் #லிபெரா (/join #libera) அடிச்சு என்டர் தட்டுங்க, உள்ள போயாச்சு. வலது பக்கம் தெரியறதெல்லாம் ஆளுங்க லிஸ்ட்.

அடுத்து பேர ரெஜிஸ்டர் பண்ணணும், சில சானல் ரெஜிஸ்டர் பண்ணாதவங்கள உள்ளயே விடாது. சானல் டேப்ல பண்ணாம சர்வர் டேபுக்கு போயி /எம்எஸ்ஜி நிக்சர்வ் ரெஜிஸ்டர் (/msg NickServ REGISTER), பக்கத்துல பாஸ்வேர்ட், அப்புறம் ஈமெயில். நிக்சர்வ்ங்கறது பேர ரெஜிஸ்டர் பண்ற தானியங்கி சேவை. ஏன் சர்வர் டேப்னா, ஸ்லாஷுக்கு முன்னாடி தெரியாம ஒரு ஸ்பேஸ் விழுந்தா அது கமாண்டா போகாது, சாதா மெசேஜா போயிடும், நான் அப்படித்தான் என் பாஸ்வேர்ட சானல்ல இருந்த அத்தன பேருக்கும் காட்டினேன், டிலீட் பட்டனும் கெடையாது. மெயில்ல வர்ற வெரிஃபை கமாண்ட அப்படியே காப்பி பண்ணி போடுங்க. அப்புறம் திரும்ப எடிட்ல போயி லாகின் மெத்தட்ல சாஸ்ல் (SASL, கனெக்ட் ஆகும்போதே லாகின் பண்ற முறை) செலக்ட் பண்ணி பாஸ்வேர்ட் குடுத்துட்டா, தினமும் அதுவே லாகின் ஆயிடும்.

உள்ள போனதும் "யாராவது இருக்கீங்களா"ன்னு கேக்காதீங்க, நேரா கேள்விய போட்டுட்டு காத்திருங்க, பதில் வர சிலசமயம் ரெண்டு மணி நேரம்கூட ஆகும். அதுவரைக்கும் லேப்டாப்ப மூடிடாதீங்க, நீங்க இல்லாதப்ப வந்த மெசேஜ் திரும்ப லாகின் பண்ணா வராது.