மின்வண்டியா, சி.என்.ஜி.யா, பெட்ரோலா? மதுரைச் சாலைகளுக்கு ஏற்ற வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

புதிய வண்டி வாங்க எண்ணுபவர் ஷோரூம் படியேறுவதற்கு முன்னால் இரண்டு செய்திகளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வண்டி வழக்கமான ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடும், இரவில் அது எங்கே நிற்கும் என்பவையே அவை. எந்த எரிபொருள் நல்லது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. திருநகரிலிருந்து சிம்மக்கல்லுக்கு வேலைக்குச் செல்பவருக்கும், வாரம் இருமுறை சென்னைக்குச் சரக்கோடு செல்பவருக்கும் ஒரே வண்டி பொருந்தாது. அன்றாட ஓட்டமும் இரவில் நிற்கும் இடமும் தெளிவானால், மற்றக் கணக்குகள் தாமாகவே ஒழுங்குபடும்.

இருசக்கர வண்டியில் இந்தக் கணக்கு மிக எளிது. மின் ஸ்கூட்டர் ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் 30 கிலோமீட்டர் ஓடும். தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, இரண்டு மாத மின்கட்டணச் சுற்றில் 70 யூனிட் அளவுக்கே கூடுதலாகும். அதே தூரத்தைப் பெட்ரோல் ஸ்கூட்டரில் ஓட்டினால் அதே காலத்தில் 35 முதல் 40 லிட்டர் வேண்டும்; லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கும் நிலையில் வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே மின்வண்டிக்கு மாற விரும்பும் குடும்பம் காரிலிருந்து தொடங்காமல் ஸ்கூட்டரிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. நிறுவனம் அச்சிட்டிருக்கும் தூரத்தை அப்படியே நம்பாமல், அதில் முக்கால் பங்கையே உண்மையான ஓட்டமாகக் கொள்ளுங்கள். பின்னால் ஒருவர் அமர்ந்து, வேகமும் கூடினால் இன்னும் குறையும்.

இரவில் வண்டி நிற்கும் இடம்தான் மதுரையின் பழைய நகரப் பகுதியில் பெரிய சிக்கல். மாசி வீதிகளையும் ஆவணி மூல வீதிகளையும் ஒட்டிய சந்துகளில் பல வீடுகளுக்கு வாசலே தெருவாக இருப்பதால், வண்டியை நிறுத்திச் சார்ஜ் போட இடம் இல்லை. இத்தகைய வீட்டில் குடியிருப்பவர்கள் கழற்றி எடுத்துச் செல்லும் பேட்டரி கொண்ட ஸ்கூட்டரைத் தேடுவது பொருத்தம். அப்படிக் கழற்றிய பேட்டரியை மாடிப்படியின் அடியிலோ, வெளியேறும் ஒரே வாசலுக்கு அருகிலோ வைத்து இரவு முழுவதும் சார்ஜ் போடக் கூடாது. ஏதேனும் நேர்ந்தால் வீட்டில் இருப்பவர்கள் வெளியே வர வழி இருக்க வேண்டும். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றைப் பயன்படுத்துவதும், வெயிலில் ஓடிவந்த சூட்டோடு உடனே சார்ஜ் போடுவதும் தவிர்க்க வேண்டியவை.

சொந்தமாகக் கார் நிறுத்துமிடம் உள்ளவர்கள் வண்டியை முன்பதிவு செய்வதற்கு முன்பே நம்பகமான எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு வயரிங்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். 15 ஆம்பியர் பிளக் வழியாக மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட் ஏறும். 30 யூனிட் கொள்ளளவுள்ள காரின் பேட்டரி காலியிலிருந்து நிரம்ப இரவு முழுவதும் ஆகும். பல மணி நேரம் இடைவிடாமல் அந்த மின்னோட்டத்தைத் தாங்க வேண்டுமென்பதால், மீட்டர் பலகையிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன் இழுத்து, அதற்கெனத் தனி எம்.சி.பி.யும் (மின்பளு மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் பொருத்தி, எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகக் காருக்குச் சார்ஜ் போடுவது தீ விபத்தை அழைப்பதாகும். 7 கிலோவாட் சுவர் சார்ஜர் வைக்க விரும்புபவர்கள், தங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, தேவையானால் உயர்த்திக்கொள்ள வேண்டும்.

மின்கட்டண அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பது அடுத்த வேலை. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை படிநிலையாகக் கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைக் கடந்துவிட்டால் மேல்படியின் விலை ஏறுவதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த மலிவு விலையும் கைவிட்டுப் போகும். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் கார், யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தாலும், இரண்டு மாதத்தில் 400 யூனிட் எடுக்கும். ஏற்கெனவே 300 யூனிட் செலவழிக்கும் வீடு இதனால் 700 யூனிட்டைத் தொடும். விற்பனையாளர்கள் சொல்லும் “கிலோமீட்டருக்கு ஐம்பது பைசா” என்ற கணக்கு இந்தப் படியேற்றத்தை விட்டுவிடுகிறது. கூடுதல் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் கிலோமீட்டருக்கு 1.70 ரூபாய்க்குள் அடங்கும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காருக்கு 6 ரூபாய்க்கு மேல் ஆகும். பொது விரைவுச் சார்ஜிங் நிலையங்களில் யூனிட் விலை மிகவும் கூடுதல். வீட்டில் சார்ஜ் போட வழியின்றி அவற்றையே நம்பியிருப்பவருக்கு இந்த லாபம் பெரிதும் சுருங்கிவிடும் என்பதால், அவர் இப்போதைக்கு மின்காரைத் தவிர்ப்பது நல்லது.

மொட்டை மாடி இருப்பவர்கள் இந்தக் கணக்கை முற்றிலும் மாற்றிவிடலாம். 3 கிலோவாட் சூரியத் தகடுகள் மதுரை வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் வரை தரும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. காரின் அன்றாடத் தேவை 7 யூனிட்டுக்குள் இருக்குமானால், வீட்டுக்கும் வண்டிக்குமாகக் கட்டணம் மீண்டும் கீழ்ப்படிக்கு இறங்கும்.

மின்சாரமே நிலக்கரியில்தானே வருகிறது, பிறகென்ன நன்மை என்ற கேள்வி நியாயமானது; அதற்கு எண்களால் விடை சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 100 கிலோமீட்டர் ஓடும் காருக்கு அது 14 கிலோவுக்குச் சற்று மேல். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ என்று கொண்டால், அதே தூரத்துக்கு மின்காரின் பங்கு 10 முதல் 12 கிலோ. பேட்டரி செய்யும்போது ஏற்படும் கூடுதல் மாசை ஈடுகட்டச் சில ஆண்டு ஓட்டமும் தேவை. ஆக, இன்றைய நன்மை மிதமானது. ஆனால் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையமும் முப்பந்தலில் காற்றாலைகளும் இயங்கும் தென்மாவட்டங்களில் பகல் வெளிச்சமும் ஆடிக் காற்றும் தொகுப்பில் சேரச் சேர, இன்று வாங்கிய மின்வண்டியே ஆண்டுதோறும் தூய்மையாகும். பெட்ரோல் வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது தெருவின் காற்று. கோரிப்பாளையம் சிக்னலிலும் பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் நாள் முழுவதும் நின்று பூவும் பழமும் விற்பவர்கள் வண்டி வைத்திருப்பவர்கள் அல்லர்; ஆனால் அந்தப் புகையை அவர்கள்தாம் சுவாசிக்கிறார்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஷோரூம்காரர் காட்டும் நல்ல சாலையில் மட்டும் ஓட்டாதீர்கள். காளவாசல் நெரிசலில் ஊர்ந்தும் நின்றும் செல்லும்போது மின்மோட்டார் வீணாக எரிவதில்லை. பிரேக் பிடிக்கும்போது ஆற்றலின் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்புகிறது. மாறாக, நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் காற்றின் எதிர்ப்பால் ஓட்டத் தூரம் வெகுவாகக் குறையும். கொடைக்கானல் பயணம் நம் ஊர்க்காரர்களுக்கு அடிக்கடி வருவதால் அதையும் கணக்கிட வேண்டும்: ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள காரை 2,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு மட்டும் 8 யூனிட் தேவை, அது சமதளத்தில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஓடக்கூடிய ஆற்றல். வத்தலக்குண்டைத் தாண்டும்போது பேட்டரியில் பாதிக்கு மேல் இருப்பது பாதுகாப்பானது. இறங்கும்போது அந்த ஆற்றலில் கணிசமான பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் மலையுச்சியில் பேட்டரியை முழுவதும் நிரப்பிவிட்டு இறங்கினால் திரும்பிவரும் மின்சாரத்தை ஏற்க இடமிருக்காது.

பேட்டரியின் எதிரி வெப்பம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி சற்று எடை கூடியதாயினும், சூட்டைத் தாங்குவதிலும் அதிக முறை சார்ஜ் ஏற்பதிலும் நிக்கல் கலந்த வகையைவிட மேலானது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊருக்கு முதலாவதையே பரிந்துரைப்பேன். நிழலில் நிறுத்துவதும், நெடுநாள் ஓட்டாமல் வைக்கும்போது பாதியளவு சார்ஜில் வைப்பதும் ஆயுளைக் கூட்டும். கார் பேட்டரிக்கு வழக்கமாக 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் தருகிறார்கள். கொள்ளளவு எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

அன்றாடம் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுபவர், வீட்டில் சார்ஜ் போட வழியில்லாதவர் ஆகியோருக்கு சி.என்.ஜி. எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு நல்ல நடுவழி. இது கிலோ கணக்கில் விற்கப்படுகிறது. சிறிய கார் ஒரு கிலோவில் 25 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும், புகையும் குறைவு. சிலிண்டர் டிக்கியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். ஏற்றத்தில் இழுவை கொஞ்சம் குறையும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதித்துச் சான்று பெற வேண்டும். வெளியில் பொருத்துவதைவிட நிறுவனமே பொருத்தித் தரும் வண்டி பாதுகாப்பானது.

பெட்ரோலிலேயே தொடர்பவர்களும் மாற்று எரிபொருளைத்தான் நிரப்புகிறார்கள். இன்று பங்க்கில் கிடைப்பது கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து எடுத்த எத்தனாலை 20 விழுக்காடு கலந்த பெட்ரோல். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் சிறிது குறையும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கையேட்டில் எந்தக் கலப்பு வரை ஏற்கும் என்று பார்த்து, எரிபொருள் குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஹைட்ரஜன் இப்போதைக்கு நம் வீட்டு வாசலுக்கு வரக்கூடியதன்று.

ஆட்டோ ஓட்டும் தோழர்களுக்கு ஒரு செய்தி: பேட்டரியில் ஓடும் வாடகை வண்டிகளுக்கு 2018 முதல் பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு விலக்களித்துள்ளது. மாட்டுத்தாவணிக்கும் ஆரப்பாளையத்துக்கும் இடையே நாள் முழுவதும் ஓடும் ஷேர் ஆட்டோவுக்கு எரிபொருள் மிச்சம் மிக அதிகம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சார்ஜ் போட ஓர் இடம் உறுதியான பிறகே கடன் எடுங்கள்.

விலை பேசும்போது மானியம் ஏதேனும் இருந்தால் அது பில்லிலேயே கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாநில சாலைவரி விலக்கு அன்றைய தேதியில் நடப்பில் உள்ளதா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்க வேண்டும். மின்வண்டிகளின் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 15 விழுக்காடு தள்ளுபடி உண்டு. முழுக் காப்பீடு எடுக்கும்போது பேட்டரிக்குள் வெள்ளநீர் புகுந்தால் ஏற்படும் சேதமும், வீட்டுச் சார்ஜரும் கேபிளும் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.